செங்கல் சூளையில் நான் கண்டது

ஜூன் 7, 2014, சனி

நூலக மாடியில் இன்று முதல் வகுப்பு. மூன்று மணிக்குத் தொடங்கியது. பதினோரு பிள்ளைகள். பிளஸ் டூ முடித்ததுகள், ஐடிஐ படிக்கிறதுகள், காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறதுகள். குற்றம் என்றால் என்ன, போலீஸ் பிடித்தால் நாம் என்ன கேட்கலாம், கோர்ட்டில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. நடத்துவது என் மருமகள் சங்கரி. அக்கா ஆவுடையம்மாளின் ஒரே மகள், வக்கீலாகி இரண்டு வருஷம். என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டாள். நாற்காலி போடவும் ஆள் இல்லை என்றாள். அதையும் செய்தேன். தலைவர் நாற்காலி போடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கணக்கு வாத்தியாருக்கே நான் சந்தேகம் தீர்த்துவைத்ததில் வந்த மனக்கசப்புதான் காரணம். ஆனால் பதினெட்டு வருஷமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். குற்றப்பத்திரிகை, ஜாமீன் மனு, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் என் மிஷினைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போகின்றன. எதையும் வாசிக்காமல் நகல் எடுக்க மாட்டேன். வக்கீல்கள் ஐந்து வருஷம் உட்கார்ந்து படித்ததை நான் நின்றபடியே படித்தேன்.

ஜோயல் என்று ஒரு பையன், ஐடிஐயில் ஃபிட்டர். "ஐயா, நீங்க ஜட்ஜா?" என்று கேட்டான். "ஜட்ஜுக்கே டவுட்டு வந்தா என் கடைக்குத்தாம்டே ஆள் விடுவாக" என்றேன். ஒரு தரம் ஆள் வந்தது உண்மை. ஸ்டேப்ளர் பின் கேட்டு வந்தார்.

ஜூன் 14, சனி

சாரல் பிடித்துக்கொண்டது. மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது. ஏதோ வழக்கில் ஒரு கட்சிக்காரர் விஷயமாகச் சங்கரிக்குப் போன் வர, "மாமா, நான் கிளம்புதேன், மிச்சத்தைப் பாத்துக்கோங்க" என்று போய்விட்டாள். மிச்சம் என்றால் இரண்டேகால் மணி நேரம். ஒரு பிள்ளை அசையவில்லை.

இன்றைய பாடம் மகஜர். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது, அதை நேரில் பார்த்த வெளியாள் இருவர் கையெழுத்துப் போடுகிற பேப்பர். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் வழக்கு நொண்டி. இந்த ஊரில் நாற்பத்தொரு மகஜரில் என் கையெழுத்து இருக்கிறது என்று சொன்னேன். வாய் பிளந்தார்கள். பிறகு 98-இல் மலையடிவாரத்தில் கள்ளச்சாராய ஊறலைத் தேடிப் போன கதையைச் சொன்னேன். சிறுத்தை எதிரே வந்தது, இன்ஸ்பெக்டர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார், நான் அதன் கண்ணைப் பார்த்து "போலே" என்றேன், போய்விட்டது. "சிறுத்தையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுச்சா மாமா?" என்றான் ஜோயல். சங்கரியைப் பார்த்து எல்லாரும் என்னை மாமா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

கீழே இருந்து நூலகர் மெழுகுவத்தி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரும் நின்று கேட்டார். முப்பிடாதி என்று ஒரு பிள்ளை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். சிறுத்தையையும். ஐந்தரைக்குத்தான் விட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஏட்டு பிச்சையா டீக்கடைக்குப் பேப்பரோடு வந்தார். ஒரே மகஜர்தான், மூன்று பிரதியிலும் கையெழுத்து. தேதியை அவரே போட்டுக்கொள்வார். உளுந்த வடை ஆறிப்போயிருந்தது.

ஜூன் 21, சனி

முப்பிடாதி வரவில்லை. அவள் அண்ணன் இசக்கிப்பாண்டியைப் போலீஸ் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டது என்றான் ஜோயல். யாரோ ஒரு பண்ணையார் தோட்டத்தில் மோட்டார் கேபிள் திருடினானாம். அம்மா பீடி சுற்றுகிறாள். அவன் ஹாலோபிளாக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். ரயில்வே பரீட்சை எழுதித் தேறி, ஓட்டத்திலும் தேறி, வேலைக்கான உத்தரவுக்குக் காத்திருக்கிற பையன். கேஸ் நின்றால் ஜெயில். ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் வேலை கிடையாது.

"ஸ்டேஷன் எனக்கு நேர் எதிர. நான் பாத்துக்கிடுதேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கைதட்டினார்கள்.

ஜூன் 23, திங்கள்

சொன்னபடி ஸ்டேஷனுக்குள் போய் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிக் கேட்டேன். அவர் லீவு. மேஜை இருந்தது.

சாயங்காலம் முப்பிடாதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழக்கை இலவச சட்ட உதவியில் எடுத்துக்கொள்வதாகச் சங்கரி சொன்னாள். போகும்போது அந்தப் பிள்ளை என்னிடம், "மாமா, எங்கண்ணன் அதைத் தொட்டிருக்கவே மாட்டான்" என்றது. "நான் இருக்கேன் தாயி" என்றேன். அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

ஜாமீன் கிடைத்தது. சங்கரியும் கொஞ்சம் வாதாடினாள். முப்பிடாதி கடைக்கு ஓடிவந்து, "நீங்க ஸ்டேஷன்ல சொன்னதாலதான் மாமா சுளுவா முடிஞ்சுது" என்றாள். நான் மறுக்கவில்லை. பெரிய மனுஷன் மறுத்தால் அது தற்பெருமை மாதிரி ஆகிவிடும்.

செப்டம்பர் 5, வெள்ளி

கடையில் டோனர் தீர்ந்தது. அக்காவுக்கு முட்டுவலித் தைலம் வாங்கினேன்.

இசக்கிப்பாண்டி வழக்கில் குற்றப்பத்திரிகை நகல் கோர்ட்டிலிருந்து சங்கரிக்குக் கிடைத்ததாம். வந்ததும் வீட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து வாசித்தாள். நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றவள், அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன, கேஸ் கஷ்டமா? நான் வேணா ஒரு பாயிண்ட் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் மாமா. நாளைக்கு வகுப்புக்கும் வரவேண்டாம்."

"நாற்காலி?"

"பிள்ளைகளே போட்டுக்கிடும்."

வாழைக்காய் வறுவலை அவள் தொடவே இல்லை. பதினோரு வயதில் அப்பன் இல்லாமல் அக்காவோடு என் வீட்டுக்கு வந்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, வீணாய்ப்போன நகலின் பின்பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தத் தாள்களின் முன்பக்கத்தைப் படித்துத்தான் அவளுக்கு வக்கீல் ஆசையே வந்தது. கூட்டம் சேர்கிறது என்றதும் மாமா வேண்டாதவனாகிவிட்டான்.

செப்டம்பர் 20, சனி

இன்று நடந்ததை முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

வியாழக்கிழமை முப்பிடாதியே கடைக்கு வந்து கூப்பிட்டாள். சனிக்கிழமை மாதிரி நீதிமன்றம் போடுகிறார்களாம். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். நீதிபதி வேஷம் கேட்டேன், அது ஒரு காலேஜ் பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்றாள். சரி, பிள்ளை நேரில் வந்து கேட்கிறதே என்று வேட்டி தேய்த்துக் கட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் சங்கரியின் முகம் மாறியது. போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வழக்கு ஆடு திருட்டு. மேஜையில் பச்சைத் துணி, இரண்டு பெஞ்சைக் கவிழ்த்துச் சாட்சிக்கூண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் முப்பிடாதி. அவள் அம்மாவின் கறுப்புச் சால்வை அங்கி ஆகியிருந்தது.

"சாட்சி, உங்க பேரு?"

"தெரியாதாக்கும்?"

"கோர்ட்ல கேட்டா சொல்லணும் மாமா."

"மாமான்னு கூப்பிடப்படாதுட்டீ, சாட்சின்னு கூப்பிடு!" என்று ஜோயல் கத்தினான். நீதிபதி ஸ்கேலால் மேஜையைத் தட்டினாள்.

"கோமதிநாயகம்."

"இதுவரைக்கும் எத்தனை மகஜர்ல கையெழுத்துப் போட்டிருக்கீக?"

"நாப்பத்திரண்டு."

"ஜூன் மாசம் நாப்பத்தொண்ணுன்னு சொன்னீக."

"வளந்துக்கிட்டே இருக்கும்லா."

சிரிப்பு. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"நாப்பத்திரண்டு எடத்துக்கும் நேர்ல போனீகளா?"

"எல்லா எடத்துக்கும் நான் போய்க்கிட்டிருந்தா கடையை யாரு தாயி பாப்பா? ஏட்டையா பேப்பரோட டீக்கடைக்கு வருவாரு. நம்ம ஒரு சுழி சுழிச்சிவிட்டா போச்சு. எனக்கென்ன வேலை, பேனா நல்லா எழுதணும், அவ்வளவுதான்."

இதற்கும் எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர்தான் சிரித்தார்கள். பின்னால் சங்கரி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஜூன் பதினாலாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு எங்க இருந்தீக?"

"ஆடு காணாமப் போனது ஆகஸ்ட்லலா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சனிக்கிழமையா? வேற எங்க இருப்பேன், இங்கதான். ஒங்களுக்குத்தான் சிறுத்தைக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன். கரண்ட் இல்ல."

"செங்கல் சூளைக்குப் போகலையா?"

"எந்தச் சூளை?"

அவள் சால்வைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தாள். மகஜர். ஜூன் 14, மாலை நான்கு மணி. எதிரி இசக்கிப்பாண்டி சாட்சிகளையும் போலீசையும் ஊருக்கு வடக்கே உள்ள செங்கல் சூளைக்கு அழைத்துச் சென்று, தானே மண்ணைத் தோண்டிக் கேபிள் மூட்டையை எடுத்துக் கொடுத்தான். இரண்டாம் சாட்சி, வால் சுழித்த என் கையெழுத்து.

"முப்பிடாதி!" என்றாள் சங்கரி. "இது இங்க கேக்குற கேள்வி இல்ல. நான் உங்கிட்ட என்ன சொல்லியிருந்தேன்?"

"நீங்க சொன்னீகக்கா. எனக்குத்தான் தாங்கல."

வேஷம் என்று கூப்பிட்டு நிஜக் கேள்வி கேட்டார்கள். என்னிடமே சட்டம் படித்துவிட்டு என்னையே கூண்டில் ஏற்றினார்கள். துரோகம் என்றால் இதுதான். வேட்டியில் பெஞ்சு ஆணி கிழித்துவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் சங்கரியிடம், "ஏட்டு தேதியை மாத்திப் போட்டிருக்காரு, அவ்வளவுதான் விஷயம்" என்றேன்.

"அப்ப எந்தத் தேதியில சூளைக்குப் போனீங்க?"

கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றாள்.

"மாமா, இந்தக் கேஸை வேற ஆளுக்குக் கொடுத்திருங்கன்னு நான் முப்பிடாதி அம்மாகிட்டச் சொன்னேன். 'வீட்டு ஆளையே எதிர்த்து நிக்கிற வக்கீல்தான் எனக்கு வேணும்'னுட்டாங்க. நீங்க போலீஸ் தரப்பு சாட்சி. இனிமே இதைப்பத்தி நீங்களும் நானும் ஒரு வார்த்தை பேசப்படாது. நான் என்ன சொன்னாலும் சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிரும்."

"கலைடீ. மாமாவைக் கலைக்க ஒனக்கில்லாத உரிமையா?"

அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி. முறுக்கு நான்தான் பிழிந்தேன். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

சம்மன் வந்தது. இருபத்தேழாம் தேதி. கொண்டுவந்த ஏட்டு பிச்சையா, கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்படி உட்காருகிற வழக்கமில்லை.

"வே, ஒம்ம மருமக எதிர்த்தரப்பாமே?"

"அது தொழில் ஏட்டையா. வீட்ல நான் சொன்னதுதான் சட்டம்."

"நல்லது. பேப்பர்ல இருக்கிறதைச் சொல்லிட்டு இறங்கிரும். இதுல நீரு மாத்திச் சொன்னா, மத்த நாப்பத்தொரு கேஸும் எந்திரிச்சு நிக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒம்ம கையெழுத்துதான் இருக்கு, என் கையெழுத்து இல்ல. ஒரு எடத்துக்கும் போனதில்லன்னு ஒரு தரம் சொல்லிப்பாரும், அம்புட்டும் பொய்ச்சாட்சி." பிறகு சிரித்து, என் தோளைத் தட்டி, ஸ்டேஷன் பெயர்ப்பட்டியலை இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போனார்.

நான் பயந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யோசித்தேன்.

நவம்பர் 26, புதன்

முடிவு எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்லப் போகிறேன். அடுக்களையில் அக்காவை மாஜிஸ்திரேட்டாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். "கனம் கோர்ட்டார் அவர்களே, நான் சூளைக்குப் போகவில்லை, டீக்கடையில் கையெழுத்துப் போட்டேன், அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று கை கூப்பினேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நெசமாச் சொல்லுவியா தம்பி?" "பின்னே?" என்றேன்.

கோர்ட்டே எழுந்து நிற்கும். சங்கரி ஓடிவந்து காலில் விழுவாள். நாளைக்குப் புது வெள்ளை வேட்டி.

நவம்பர் 27, வியாழன்

கோர்ட் நிறைந்திருந்தது. வகுப்புப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விசாரணையை நேரில் பார்ப்பதும் பாடமாம். ஜோயலும் நூலகரும் மட்டும் உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்றார்கள். என்மேல் அவ்வளவு கோபம் போலிருக்கிறது.

பெயர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டார்: "14.6.2014 அன்று மாலை நான்கு மணிக்குச் செங்கல் சூளையில் இருந்தீர்களா?"

ஒத்திகை பார்த்தது தொண்டை வரை வந்தது. சுவர் ஓரத்தில் ஏட்டு நின்றார். கோர்ட்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி அமைதி எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை.

"ஆமாம்" என்றேன்.

"என்ன பார்த்தீர்கள்?"

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு அதுவே வந்தது, நான் தேடிப் போகவில்லை. வடக்கு மூலையில் மூன்றாவது அடுக்குப் பக்கத்தில்தான் தோண்டினான் என்றேன். மண்வெட்டி கேட்டான், கொடுக்கவில்லை, கையாலேயே தோண்டினான், நகத்தில் செம்மண் ஏறியிருந்தது என்றேன். ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது, கறுப்பு நாய், ஒரு காது மடங்கியது. மூட்டையை எடுத்ததும் அவன் என் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, எங்கம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்று அழுதான் என்றேன். சொல்லிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாஜிஸ்திரேட் அம்மா தட்டச்சு செய்கிறவரைப் பார்த்து, மெதுவாக, எல்லாவற்றையும் சொல்லி எழுதவைத்தார்கள்.

அடையாளம் காட்டச் சொன்னார்கள். எதிரிக்கூண்டில் ஒருவன்தான் நின்றான். அதனால் தவறு நேரவில்லை. மெலிந்த பையன். இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். அவன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்ன இடத்தில் தான் இருந்தோமோ என்று நினைவுபடுத்திப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

பிறகு சங்கரி எழுந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டவள்.

"சாட்சி, அன்று வேறு எங்காவது போனீர்களா?"

"இல்லை. கடையிலிருந்து சூளை, சூளையிலிருந்து கடை."

"அன்று மதியம் மூன்று மணி முதல் ஐந்தரை மணி வரை நீங்கள் நூலக மாடியில் வகுப்பில் இருந்தீர்கள் என்றால் சரியா?"

"சரியல்ல."

"சூளைக்கு ஒருபோதும் போகாமல், டீக்கடையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறீர்கள் என்றால் சரியா?"

"சரியல்ல."

"வேறு கேள்வி இல்லை."

அவ்வளவுதான். வக்கீலம்மாவுக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. இறங்கும்போது கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ஒன்பது பிள்ளைகளும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி மட்டும் என்னைப் பார்த்தாள்.

வீட்டில் அக்கா சோறு வைத்தாள். குழம்பு ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

அந்த நாய்க்குக் கறுப்பு பொருத்தமாக இருந்தது.

டிசம்பர் 18, வியாழன்

எதிர்த்தரப்பு சாட்சி விசாரணை. என்னை யாரும் கூப்பிடவில்லை. வக்காலத்து ஃபாரம் கட்டு ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் போய், கோர்ட் ஜன்னல் ஓரம் நின்றேன்.

முதலில் நூலகர். மெழுகுவத்தி கொண்டுபோய் வைத்தேன், கோமதிநாயகம் பேசிக்கொண்டிருந்தார், ஐந்தரைக்கு மாடியைப் பூட்டினேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்தது ஜோயல். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். அன்று அவனும் நூலகரும் வராந்தாவில் நின்றதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாட்சி சொல்லப் போகிறவன் இன்னொரு சாட்சி பேசுவதைக் கேட்கக்கூடாது. நாற்பத்திரண்டு மகஜரில் கையெழுத்துப் போட்டவனுக்கு இது தெரியவில்லை. ஐடிஐ பையனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிவு செய்துவிட்டு, என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். சங்கரி கேள்வி கேட்காமல் உட்கார்ந்ததும் அதனால்தான்.

அரசு வக்கீல் விடவில்லை.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை. அது பதினாலாம் தேதிதான்னு உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"அன்னைக்குத்தான் சார் கரண்ட் போச்சு. அதுக்கு மறுநாள் எங்க அக்கா கல்யாணம், நான் மாமா சொன்ன சிறுத்தைக் கதையைப் பந்தியில எல்லாருக்கும் சொன்னேன். பத்திரிகை இருக்கு சார்." சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். ஜூன் 15, ஞாயிறு.

"என்ன சிறுத்தை?"

சொன்னான். இன்ஸ்பெக்டர் ஒளிந்தது, நான் "போலே" என்றது, எல்லாம். என் குரலிலேயே சொன்னான். கோர்ட்டில் சிரிப்பு. மாஜிஸ்திரேட் அம்மாகூடக் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"இதை நீ நம்பினியா?"

"இல்ல சார்."

"அப்போ அவர் பொய் சொல்றவர்."

"ஆமா சார்."

"பொய் சொல்றவரை வச்சு நீ எப்படி ஒரு தேதியைச் சொல்றே?"

"கதைதான் சார் பொய். மாமா இருந்தது நெசம்."

ஜன்னல் கம்பி துருப்பிடித்து, கையெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஃபாரம் கட்டைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். நான் சிரிக்கவைத்த பிள்ளை. அந்தச் சிரிப்பையே எடுத்துக்கொண்டுபோய் அங்கே ஒப்படைத்துவிட்டான்.

ஜனவரி 29, 2015, வியாழன்

இசக்கிப்பாண்டி விடுதலை. கோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கட்டிடம், கடையிலிருந்தே சத்தம் கேட்டது. பிள்ளைகள் கோர்ட் வாசலில் குதித்தார்கள். முப்பிடாதியின் அம்மா சங்கரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்கள் எல்லாரும் என் கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கமாகப் போனார்கள்.

ஏட்டு பிச்சையா வந்தார். "ஒம்ம மேல கேஸ் போடச் சொல்லாம விட்டுச்சே மாஜிஸ்திரேட் அம்மா, அதுக்கு சந்தோசப்படும்" என்றார். நான், "நீங்க சொன்னதைத்தானே ஏட்டையா சொன்னேன்" என்றேன். "பேப்பர்ல இருக்கிறதைச் சொல்லச் சொன்னேன் வே. நாய் எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஏட்டு இப்போது டீக்கடைக்குப் பூக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவர் கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும்.

பிப்ரவரி 7, சனி

புது வகுப்பு தொடங்கிவிட்டது. பதினாறு பிள்ளைகளாம், அக்கா சொன்னாள். நான் மூன்று மணிக்குக் கடையைத் திறந்தே வைத்திருந்தேன், யாராவது நாற்காலிக்குக் கூப்பிட்டால் போக. யாரும் வரவில்லை. அரிசி மாவு அரைத்துக்கொண்டு வந்தேன்.

சங்கரி என்னிடம் பேசத் தொடங்கிவிட்டாள். வழக்கு முடிந்ததால் இனிப் பேசலாமாம். "மோட்டார் போடவா?", "பால் வந்துச்சா?" என்கிறாள். பேசாமல் இருந்தபோது இவ்வளவு வலிக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பதினோரு மணி இருக்கும். மிஷினைத் திறந்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் ஒரு பையன். நிமிர்ந்து பார்த்தேன். இசக்கிப்பாண்டி.

வேறு ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. கோர்ட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அவன் என் கடைக்கு வந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் கவர்.

"அண்ணாச்சி, தீர்ப்பு நகல். மூணு செட்டு வேணும். ரயில்வேக்கு அனுப்பணும், நாளைக்குக் கடைசி நாளு."

அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டான். சூளையில் அவன் என்னைக் கூப்பிட்டதாக நான் சொன்ன அதே மாதிரி.

பதினொரு பக்கம். ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். எதையும் வாசிக்காமல் நகல் எடுக்காதவன், இன்று மிஷின் மூடியை மட்டும் பார்த்தபடி எடுத்தேன். அடுக்கி, ஓரம் தட்டி, மூன்று செட்டையும் கொடுத்தேன். அவன் அப்படியே வாங்கிக்கொண்டு போகவில்லை. கடைப் பலகையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தான். நானும் ஏதாவது பேசியிருக்கலாம். எந்த ஊர் டிவிஷன் தம்பி, எனக்கு ரயில்வேயில் பெரிய ஆளைத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஒம்பதாம் பக்கம் சரியா விழல அண்ணாச்சி. நடுவுல வெளுத்துருக்கு. இன்னொருக்கா எடுங்க."

வாங்கிப் பார்த்தேன். பார்த்தால் வாசிக்க வேண்டியிருந்தது. *இரண்டாம் சாட்சி கோமதிநாயகம் சம்பவ இடத்தில் இருந்தார் என்பதை இந்நீதிமன்றம் ஏற்க இயலாது. அவர் விரிவாகக் கூறியுள்ள விவரங்கள், அவர் எதையும் பார்க்கவில்லை என்பதையே காட்டுகின்றன. இவருடைய சாட்சியத்தின் எந்தப் பகுதியையும் நம்புவதற்கில்லை.* அதில் "நம்புவதற்கில்லை" இருந்த வரிதான் வெளுத்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்தேன். தாளை நேராக வைத்து, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தேன். மூன்று. எழுத்து எழுத்தாகக் கறுப்பாக விழுந்திருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இப்ப தெளிவா இருக்கு" என்றான்.